காகத்துக்கு வைத்த சோறு

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை மட்டுமே படித்தவள் நான். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்து சட்டை தைக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், நீங்கள் வாசிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் தொடர்மாடி கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறது. காலி வீதியில் உள்ள ஒரு பாமசி, வீடுகளுக்கு மருந்தை ட்ரோனில் அனுப்பிப் பார்க்கத் தொடங்கியது. புகை இல்லை, பெற்றோல் இல்லை, வாகன நெரிசலில் நிற்கத் தேவையில்லை என்றார்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் நாங்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. மொட்டைமாடியில் அது இறங்குவதற்கு ஒரு வெள்ளைப் பலகை போட்டார்கள். காகங்கள் கிட்ட வராதிருக்கச் சுவரைச் சுற்றி மினுங்கும் நாடா கட்டினார்கள். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் ட்ரோன் வரும், மேலே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று லிஃப்டில் அறிவித்தல் ஒட்டினார்கள். நான் அதை வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

வந்த பெட்டியை எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கும் வேலை எங்கள் காவலாளிக்கு. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். படிக்கட்டுக்குக் கீழே உள்ள சின்ன அறைதான் அவருக்கு வீடு. மத்தியானம் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிடுவார். அதை யாரும் தடுத்ததில்லை.

அன்று புரட்டாதிச் சனி. நான் விரதம். எள்ளுப் போட்ட சோற்றைக் காகம் கொத்திய பிறகுதான் நான் சாப்பிடலாம். எப்போதும் சுவர் மூலையில் வைப்பேன். அன்று நாடா காற்றில் படபடத்தது, ஒரு காகமும் கிட்ட வரவில்லை. பன்னிரண்டரை ஆகியிருந்தது. தலை சுற்றியது. ட்ரோன் வந்து போயிருக்கும் என்று நினைத்தேன். காலையில் பெய்த மழையால் அது பிந்தியிருந்தது எனக்குத் தெரியாது. ஈரம் காய்ந்து, நாடாவுக்குத் தள்ளி இருந்தது அந்தப் பலகை மட்டும்தான். அதில் சோற்றை வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டேன். வந்து குவிந்தன. நிம்மதியாகக் கீழே இறங்கிப்போய் இலை போட்டேன்.

இரண்டு பிடி சாப்பிட்டிருப்பேன். மேலே காகங்கள் கத்திய சத்தமும், அதன் பின் ஏதோ உடைந்த சத்தமும் கேட்டன.

நான் மேலே போனபோது அங்கே ஆட்கள் கூடியிருந்தார்கள். காகங்கள் துரத்த, ட்ரோன் தண்ணீர்த் தாங்கியில் மோதி விழுந்திருந்தது. நாலாம் மாடி அம்மாவின் மருந்துப் போத்தல் நொறுங்கிக் கிடந்தது.

“இரும்புக் காகம் பந்தியில பாதியில வந்து இருந்தா, மற்றக் காகம் சும்மா விடுமே?” என்று மூன்றாம் மாடி அக்கா சிரித்தார்.

ட்ரோனைத் தேடிப் பாமசியில் இருந்து வந்திருந்த ட்ரோன்காரர் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த பருக்கைகளைக் காட்டி, “கவுத மே பத் தெம்மே?” என்றார். யார் இந்தச் சோற்றைப் போட்டது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

“வேற ஆர்? எங்கட செக்குரிட்டிதான் மேல இருந்து சாப்பிடுறவர்,” என்றார் தொடர்மாடிச் செயலாளர்.

“ஓம், ஓம். நாளாந்தம் பார்க்கிறம்தானே,” என்றார் அக்கா.

எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள். அவர் பருக்கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் எல்லா முகமும் என் பக்கம் திரும்பும் என்ற கூச்சம். பயம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

செயலாளர் அங்கேயே நின்று, காவலாளியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் எடுத்தார். அன்று பின்னேரமே அவரைக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தங்க இடமில்லையாம்.

அவர் பையோடு வாசலில் நின்றபோது நான் இறங்கிப் போனேன்.

“அண்ணே, அந்தச் சோறு...”

“தெரியுங்கக்கா. எள்ளு கெடந்துச்சே. நம்ம கடைப் பார்சல்ல ஏதுங்க எள்ளு?”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“சாமிக்கு வச்சதப் போயி எப்புடிங்க காட்டிக் குடுக்குறது?” பையைத் தோளில் மாட்டினார். “அதோட, நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. செயலாளர் ஐயா வீட்லதான் இருக்காரு.”

“போறன்,” என்றேன். அவர் பையை மறுபடி கீழே வைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார்.

செயலாளர் வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்டில் ஏறினேன். ஐந்தை அழுத்த நீட்டிய விரலால் இரண்டை அழுத்தினேன். என் வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஜன்னலால் பார்த்தால் வாசல் தெரியும். அரை மணித்தியாலம் இருந்தார். பிறகு எழுந்து, ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த நாள் பத்தரைக்கு வேறொரு ட்ரோன் வந்து, நாலாம் மாடி அம்மாவின் மருந்தை இறக்கிவிட்டுப் போனது. புதிய காவலாளி பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.