நடுவில் நின்றவர்

அவலூர்பேட்டையில் கடலை எண்ணெய் மில்லைப் பேருந்து கடக்கையில் மல்லாட்டை எண்ணெயின் வாசம் சன்னல் வழியே ஏறிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது பசியைக் கிளப்பும், எனக்கோ ஒரு தோல் பந்து நினைவில் உருண்டு வரும்.

செஞ்சிக் கோட்டை மலை தெரிகிற எங்கள் ஊருக்குப் பங்குச் சாமியாராக வந்த இத்தாலிக்காரர், ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பந்துக்கு மல்லாட்டை எண்ணெய் தடவி எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். இளம் வயதில் தன் நாட்டில் ஒரு மில் தொழிலாளர் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். முழங்கால் உடைந்து ஆட்டம் போய், குருமடம் சேர்ந்து, கப்பலேறி வந்து, எங்களிடமே தமிழ் கற்று எங்களைப் போலவே பேசினார்.

"எத்தினி கோலு போட்டீங்க சாமி?" என்று என் நைனா சீண்டுவார்.

"ஒன்னுகூட இல்லப்பா. அவன்கிட்ட புடுங்கி இவன்கிட்ட குடுக்கணும். அதான் என் வேல."

"அதுக்கா முட்டி ஒடஞ்சுது?"

மைதானமே சிரிக்கும். அவரும் சிரித்தபடி நொண்டிக்கொண்டே நடுக்கோட்டில் போய் நிற்பார்.

மைதானத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், வேப்ப மரத்தடியில், தன்னைப் புதைக்கச் சொல்லி இடமும் காட்டியிருந்தார். நான் பத்தாவது படிக்கையில் அவருக்கு நெஞ்சு நோய் கண்டது. "இங்கயே கெடந்தா செத்துடுவாரு, அவுங்க ஊரு வைத்தியம் பாத்தா பொழச்சிக்குவாரு" என்று நைனா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, ஆயரிடம் மன்றாடி, அவரை ஊருக்கு அனுப்பச் சம்மதம் வாங்கி வந்தார். சாமியார் சரியென்று பெட்டி கட்டினார். அந்த ஞாயிறு பந்துக்கு எண்ணெய் மட்டும் தடவவில்லை.

அவர் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று நைனா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "அவுரு கேட்டது ஆறடி எடம். அதக் குடுக்காம அனுப்பிட்டனே."

அதற்குப் பிறகு நடுவில் நிற்க எவருக்கும் மனம் வரவில்லை. ஆட்டம் மெல்ல நின்று, இன்று மைதானம் முழுக்க சீமைக்கருவேலம். கல்லறைத் திருநாளில் ஊரார் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைத்துத் திரும்பிய பின், தள்ளாத வயதில் நைனா வேப்ப மரத்தடியின் வெறுந்தரையில் ஒரு மெழுகுத்திரி ஏற்றுகிறார். மலைக்காற்று அணைக்கிறது, மறுபடி ஏற்றுகிறார்.

அன்று சாமியார் புறப்பட்ட காலை, காரில் ஏறியவரின் கையை நைனா விடவில்லை.

"ஒடம்பு தேறுனதும் வந்துடணும் சாமி."

சாமியார் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும்ப்பா. நாளைக்கு ஆடறப்ப என் எடத்துல யாரையாச்சும் நிறுத்துங்க. நடுவ காலியா உட்றாதீங்க."