அப்பா ஒட்டிய ஜன்னல்கள்

மைதா பசை கொதிக்கும்போது எழும் வாசனை முதலில் சோற்றுக் கஞ்சியைப் போலத்தான் இருக்கும். கரப்பான் அரிக்காமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழுந்ததும், நாக்கின் அடியில் செம்புக் காசை வைத்ததுபோல ஒரு கசப்பு காற்றில் ஏறும். கடலூருக்குத் தெற்கே, குடிகாடு போகும் சாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் பக்கமிருந்து காற்று திரும்பும் மாலைகளில் அழுகிய முட்டையும் மருந்தும் கலந்தாற்போல இன்னொரு நாற்றமும் வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டும் கலந்து வீசினால் எங்களுக்கு டிசம்பர் வந்துவிட்டது என்று பொருள்.

நர்சரிப் பள்ளி ஆசிரியையான அம்மா ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் எனக்கும் தம்பி அருளுக்கும் ஒரு "ஜன்னல் காலண்டர்" செய்து தருவாள். அக்கம்பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, பிள்ளையார் படம் போட்ட பக்கத்தை உள்ளே மடக்கி, அட்டையில் மூன்று பக்கம் கீறிச் சின்னச் சின்ன ஜன்னல்களாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு படம் வரைந்து ஒட்டுவாள். கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் காலைக்கு ஒன்றாக நாங்கள் அதைத் திறப்போம். இருபத்தைந்தாவது ஜன்னலுக்குள் எப்போதும் தொட்டிலில் குழந்தை இயேசு இருப்பார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம், 2011இல், அம்மா வீட்டில் இல்லை. வயிற்றில் மூன்றாவது குழந்தை. ஏழாம் மாதத்தில் கால்கள் வீங்கி, பிரஷர் ஏறி, படுத்தே இருக்க வேண்டுமென்று சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அப்பா கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். அவர் இல்லாத நேரங்களில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மாள்தான் எங்கள் அம்மாவையும் பார்த்துக்கொண்டார்.

அப்பா பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்காரர், விவசாயக் குடும்பம், இந்து. அம்மாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் வீட்டில் யாரும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. காலண்டர் வேலையை வருடாவருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவரே தவிர, கத்திரிக்கோலைத் தொட்டவரில்லை. அவர்தான் அந்த வருடம் அடுப்பில் பசை காய்ச்சினார். முதல் தடவை அடிபிடித்துவிட்டது. ஜன்னல்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கோணலும் மாணலுமாக வந்தன. பின்னால் என்ன வரைவதென்று தெரியாமல் ஆடு, நட்சத்திரம், பலாப்பழம், பஸ், தன் கம்பெனி ஹெல்மெட் என்று கைக்கு வந்ததையெல்லாம் வரைந்தார். சமையலறைக் கதவில் அதை ஆணியடித்து மாட்டிவிட்டு, "கடைசி ஜன்னல தொறக்கறப்ப அம்மா வந்துடுவாங்க" என்றார். எங்களிடம் சொன்னாலும் அவர் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குச் சோறாக்கிப் போட அஞ்சலை அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, அதுவரை நான் பார்த்திராதவள். துணிப்பையோடு வாசலில் வந்து நின்றவள், மாட்டியிருந்த மாதா படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போனாள். அம்மாவைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவள் குறிப்பிட்டதே இல்லை, "ஒங்கம்மாக்காரி" என்பாள். எங்கள் காலண்டரைக் கண்டு, "கதவுல ஏண்டி இத்தினி ஓட்ட போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள்.

ஒரு சாயங்காலம் கிணற்றடியில் அவளும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"டாக்டரு இன்னா சொல்றாங்க?"

"ரெண்டு உசுரும் தங்கறது கஷ்டம்ன்றாங்கக்கா. பிரசவத்தத் தள்ளிப் போட்டுப் பாக்கலாம்ன்றாங்க."

"தள்ளிப் போட்டுன்னா எவ்ளோ நாளு?"

"எனக்கு மட்டும் இன்னாக்கா தெரியும்."

அன்றைக்கும் காற்று கம்பெனிப் பக்கமிருந்துதான் வந்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, நாற்றம் தாங்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதை அருளிடம் நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் காலண்டரின் அடியில் புதிதாக ஒரு துண்டு அட்டை ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. அதில் இருபத்தாறிலிருந்து மாதக் கடைசிவரை ஜன்னல்கள் இருந்தன.

"கிறிஸ்மஸ்க்கு அப்புறம் எதுக்குப்பா ஜன்னலு?" என்று கேட்டான் அருள்.

"காலண்டருன்னா மாசம் முடியறவரைக்கும் இருக்கணும்ல?" என்றார் அப்பா. அதன்பிறகு ஒவ்வொரு ஜன்னலையும் திறக்க எனக்குக் கை கூசியது. திறக்காவிட்டால் அந்த நாள் வராமல் போகும் என்றுகூட நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் அருள் இருபத்தைந்தைத் திறந்தான். உள்ளே வைக்கோல் தொட்டில் மட்டும் இருந்தது, குழந்தை இல்லை.

"எனக்குக் கொழந்த வரைய வரலம்மா" என்றார் அப்பா. தோசை வார்த்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "வெறுந் தொட்டில ஆட்டவே கூடாதும்பாங்க. நீ வரைஞ்சே வெச்சிருக்கியேடா தம்பி" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்பா ஜன்னலை மூடி விரலால் அழுத்தினார். அது மறுபடி திறந்துகொண்டது.

அந்த வாரமே புயல் வருகிறதென்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். "தானே" என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கம் கரையைக் கடக்கப் போகிறதென்று தெரிந்ததும், "அங்க அவ தனியா கெடப்பாக்கா" என்று சொல்லிவிட்டு, கிடைத்த கடைசிப் பஸ்ஸில் அப்பா சிதம்பரத்துக்குப் போய்விட்டார்.

விடிகிற நேரத்தில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஓலை மாதிரி பிய்ந்து போனது. சமையலறைக்கு மட்டும்தான் தளம் போட்டிருந்தார்கள். அங்கே எங்கள் இருவரையும் சுவரோரம் உட்காரவைத்து, அத்தை கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். காற்று தள்ளும்போதெல்லாம் அவளும் கதவோடு சேர்ந்து ஒரு முழம் முன்னால் வருவாள், மறுபடி பின்னால் சாய்ந்து தள்ளுவாள். அவள் முருகனைக் கூப்பிட்டாள். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அருள் அம்மாவைக் கூப்பிட்டான்.

காற்று அடங்கி வெளியே வந்தபோது தெருவில் நின்ற மரமென்று ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, சிதம்பரம் சாலையில் மரங்கள் விழுந்து பஸ்ஸும் இல்லை. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒருவர், பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாமரம்கூடத் தேறவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் பிழைப்பே நாலு பலாமரமும் கொஞ்சம் முந்திரியும்தான். "போய்ப் பாக்கலையா அத்த?" என்று கேட்டேன். "இப்ப போயி பாத்தா அதுங்க எழுந்தா நிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, ஈர விறகை ஊதிக்கொண்டேயிருந்தாள்.

கதவிலிருந்த காலண்டர் நனைந்து உப்பியிருந்தாலும் கிழியவில்லை. வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் நாங்கள் ஜன்னல்களைத் திறந்துகொண்டேயிருந்தோம். அவசரத்தில் ஒட்டிய அந்தத் துண்டில் அப்பா படம் எதுவும் வரைந்திருக்கவில்லை. திறந்தால் வெறும் வெள்ளை அட்டை. மாதத்தின் கடைசி ஜன்னலும் திறந்தாகிவிட்டது. அப்பா வரவில்லை.

"இனிமே ஜன்னலு இல்ல. அப்ப அம்மா?" என்று அருள் அழத் தொடங்கினான். அத்தை அடுப்பை விட்டு எழுந்தாள். பிறகு பரணிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அரிவாள்மனையில் வைத்துக் கீறி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் காலண்டரின் அடியில் ஒட்டினாள்.

"உள்ள இன்னா இருக்கு?" என்றான் அருள், அழுகையை நிறுத்தி.

"நாளைக்குத் தொறந்து பாரு. ஒங்கம்மாவுக்குத்தான் வெச்சிருக்கேன்."

காலையில் திறந்தால், உள்ளே கட்டை விரலால் அழுத்தி வைத்த குங்குமப் பொட்டு.

அன்று பொழுது சாயும்போது அப்பா வந்தார். பாதி தூரம் லாரியிலும் மீதி நடந்தும் வந்திருந்தார். முழங்காலிலும் நகக்கண்ணிலும் மண். எங்களைக் கட்டிக்கொள்ளாமல் தள்ளி நின்று, "அம்மா நல்லா இருக்காங்க" என்றார். பிறகு அத்தையிடம், "பையன்க்கா. புயலடிக்கறப்பவே பொறந்தான். மறுநாளு தாங்கல" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். எங்கே அடக்கம் செய்தாரென்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பொங்கல் கழித்து அம்மா வந்தாள். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொட்டிலிருந்த ஜன்னலை நகத்தால் மூடினாள். குங்குமத்தைக் காட்டி, "இது யாரு?" என்றாள். அத்தை என்று சொன்னேன். "அண்ணியா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் காலண்டர் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, சாலையை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகள் போனுக்குள் வந்து போனுக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. அத்தையின் தோப்பில் முருங்கை போட்டிருக்கிறார்கள்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆன பிறகு, அம்மாவைக் கண் பரிசோதனைக்குச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்:

"புள்ளைய எந்தப் பக்கம் வெச்சாருன்னு ஒங்கிட்டயாவது சொன்னாரா?"

"இல்லம்மா."

"நானும் கேக்கல. கேட்டுடுவேனோன்னு அவரு பயந்துகிட்டே இருந்தாரு."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாலையின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம், இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஊர் வரும்வரை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.