ஒரே ஒரு பொன்னாடை

"பாச்சா உருண்டை" நெடி எங்கே அடித்தாலும் எனக்குக் கவிதை ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. செலண்டார் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்தபோது, பள்ளிக்கென்று இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. அரக்கு நிறம், ஒரு சாண் சரிகை. "பெரிய வாத்தியார்" என்று நாங்கள் சொல்லும் தலைமையாசிரியரின் அறையில், அலமாரியின் மேல்தட்டில், நாலு உருண்டைகளோடு அது படுத்திருக்கும். இலக்கியக் கழகச் செயலாளர் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்த ஆறாம் ஆண்டு மாணவி நான். விழாவுக்கு அதை எடுத்து உதறுவதும், முடிந்ததும் மடித்து வைப்பதும்தான் என் தலையாய வேலை.

கழகத்தை நடத்தியவர் புனிதா டீச்சர். பள்ளித் தவணைக்கு ஒரு கவிஞரையோ எழுத்தாளரையோ அழைத்து, அவர் எழுதியதை எங்களை மனப்பாடம் செய்யவைத்து, அவர் எதிரிலேயே ஒப்பிக்க வைப்பார். "எழுதுறவங்களுக்குக் காது நெறையணும்டி, சத்தமா சொல்லு" என்பார். பிறகு பொன்னாடை, அப்புறம் படம். படம் எடுத்த கையோடு விருந்தாளி பொன்னாடையைக் கழற்றி, "பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாகத் திருப்பித் தருவார். அந்தப் பெருந்தன்மை, முன்னதாகத் தேநீர் கொடுக்கும்போதே பெரிய வாத்தியார் காதில் போட்டுவைத்த ஏற்பாடு என்பது தோட்டத்துக்கே தெரியும். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அந்த வருடம் வந்தவர் சின்னராசு என்ற கவிஞர். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது அவர் கவிதை வரும். தோட்டத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி அவர் எழுதியிருந்ததை, ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்தே நாங்கள் மனப்பாடம் செய்தோம். மனுஷர் இரண்டு ஷிப்டுக்கு நடுவில், நீலச் சீருடையோடு, பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நேரமாகிவிட்டதால் தேநீர் இல்லை. தேநீர் இல்லாததால் காதில் போடவும் வாய்ப்பில்லை. பொன்னாடை தோளில் விழுந்ததும் சரிகையைத் தடவிக்கொண்டே நின்றார். "எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படிச் செஞ்சதில்ல" என்றார், கண்ணைத் துடைத்தார், எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, போர்த்திய பொன்னாடையோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். "ஐயையோ, பொன்னாடை!" என்று நான் கேட் வரைக்கும் ஓடினேன். செம்மண் தூசிதான் மிச்சம்.

அடுத்த மாதம் புனிதா டீச்சர் பணி ஓய்வு பெறுகிறார். யார் யாருக்கோ பொன்னாடை போர்த்த வைத்தவர் தோளில் ஒருநாளும் அது ஏறியதில்லை. அதைப் போர்த்தப்போவது நான்தான் என்று அம்மாவின் சேலையை வைத்து வீட்டில் ஒத்திகையே பார்த்திருந்தேன். புதிதாக ஒன்று வாங்கலாமே என்பீர்கள். அப்போதெல்லாம் யாராவது இந்தியா போய்வந்தால்தான் உண்டு. பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "நீதானே செயலாளர்? நாசூக்கா கேட்டு வாங்கிட்டு வந்துரு. சின்னப் புள்ள கேட்டா வருத்தப்பட மாட்டாரு."

சனிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில், கவிஞர் குடியிருந்த பாயா ரும்புட்டுக்குப் போனோம். கவிஞர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில், இஸ்திரி போட்ட பொன்னாடை உட்கார்ந்திருந்தது. "அதப் பாக்கத்தான் வந்தியாம்மா? கையைக் கழுவிட்டுத் தொடு. பக்கத்து வீட்டு மலாய்க்காரங்ககூட வந்து பாத்துட்டுப் போனாங்க லா" என்றார். பிறகு அவராகவே, "எழுதி என்னத்தக் கண்டீங்கன்னு இருவது வருஷமா ஏசியிருக்கேன். இப்ப ஒரு வார்த்த பேச முடியல" என்று சிரித்தார், சிரித்த கண்ணில் தண்ணீர். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டேன். உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்ததோ வேறு. "எங்க டீச்சர் விழாவுக்கு உங்க ரெண்டு பேரையும் கூப்பிட வந்தோம், ஆண்ட்டி." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். செலண்டார் வந்ததும் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார்.

பெரிய வாத்தியார் திட்டிய திட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். புனிதா டீச்சரிடம் மட்டும் கை கழுவிய கதையைச் சொல்லி அழுதேன். "நல்லவேள, கேக்காம வந்த" என்றார், அவ்வளவுதான்.

விழாவுக்குக் கவிஞர் வெள்ளை ஜிப்பாவும் தோளில் பொன்னாடையுமாக, மனைவியோடு வந்தார். டீச்சருக்கு நான் வெறும் மாலை மட்டும் போட்டதைப் பார்த்து, பொன்னாடை இல்லையா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டிருக்கிறார். அந்தப் புண்ணியவான் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். கவிஞர் முகம் செத்துப்போயிற்று. விறுவிறுவென்று மேடையேறி, தன் தோளில் கிடந்ததை எடுத்து டீச்சருக்குப் போர்த்தினார். "தெரியாமப் போச்சு டீச்சர்" என்றார். எனக்கு ஒருபக்கம் உயிர் வந்தது. மறுபக்கம் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

படம் எடுத்தார்கள். வழக்கப்படி டீச்சர் அதைக் கழற்றி மடித்தார். பெரிய வாத்தியார் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைத் தாண்டிக் கீழே இறங்கி வந்து, கவிஞரின் மனைவி மடியில் அதை வைத்தார். "நான் போட்டுப் பாத்தாச்சு. இது உங்க வீட்டு நாற்காலிக்குத்தான்." கைதட்டல் கூரையைப் பிய்த்தது, பெரிய வாத்தியாரும் சேர்ந்து தட்டினார், பாவம்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பள்ளி டவுனுக்கு இடம் மாறி மூன்று மாடியாக நிற்கிறது. புனிதா டீச்சரும் போய்விட்டார். நானும் டீச்சராகி, நாலு வரி எழுதவும் செய்ததால், போன மாதம் அதே பள்ளியின் இலக்கியக் கழகத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்த கையோடு என் கை தானாக அதைக் கழற்றி மடித்தது. வாயும் தானாக, "பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும்" என்றது. செயலாளர் சிறுமி திருதிருவென்று விழித்தாள். "வேணாம் டீச்சர், ஸ்டோர்ல நெறைய கெடக்கு லா" என்றாள்.

காரில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து நாற்காலியில் விரித்து வைத்தேன். டிவி பார்க்க உட்கார வந்த என் கணவர் அதை ஒதுக்கக் கையை நீட்டினார்.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க" என்றேன்.