மேலத் தெருக் குழாய்

முத்துநாயகம் பட்டாளத்தில் கம்பி இழுத்தவர். பர்மா எல்லைச் சகதியில் டெலிபோன் கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து நடந்தவர். சண்டை முடிந்து வடசேரிக்குத் திரும்பியபோது வேறு தொழில் எதுவும் கையில் இல்லை. மனைவி ஓமனாவின் அண்ணனுக்குச் சந்தையில் காய்கறி வியாபாரம். அங்கே இரண்டு மூன்று வருஷம் மூட்டை எண்ணிப் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், மைக் செட் விற்கும் கடை ஒன்றில் பகல் முழுக்க நின்றார்.

கடைக்காரர் முதலில் காட்டியது பளபளவென்று இருந்த ஓர் ஆம்ப்ளிஃபையர். முத்துநாயகம் அதை ஓடவிட்டு, யாரும் பேசாத நேரத்தில் ஒலிபெருக்கியின் வாயில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரே இரைச்சல். உள்ளே வரிசையாக இருந்த கண்ணாடி வால்வுகளை விரல் நகத்தால் சுண்டினார். ஒரு வால்வைச் சுண்டும்போது மட்டும் ஒலிபெருக்கியில் கிண்ணென்று மணி அடித்தது; அது கெட்டுப்போன வால்வு.

"இது வேண்டாம்" என்றார்.

கடைசியில் அவர் எடுத்தது பெட்டி நசுங்கிய, கார் பேட்டரியில் ஓடுகிற ஒன்று. ஊர்ப்புறங்களில் அப்போது கரண்டு ஏது? ஒலிபெருக்கி நான்கு வாங்கினார். எங்கள் பக்கம் அதைக் குழாய் என்றுதான் சொல்வது. குட்டைக் குழாய் பக்கத்தில் நிற்பவன் காதை அடைக்கும்; தூரத்துக்கு நீளக் குழாய்தான் வேண்டும். நான்கையும் நீளமாகவே பார்த்து எடுத்தார். பஸ் கூரையில் அவற்றைக் கட்டி வைத்துவிட்டு, களியிக்காவிளை வரை ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அடுத்த பங்குனியில், நாற்பத்தொன்பதில், தாழங்குளம் தேர். சுசீந்திரத்துக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் உள்ள சின்ன ஊர். தேரோடும் தெருக்கள் நான்கிலும் தெருவுக்கு ஒரு குழாய் கட்டினார். கோயில் வாசலில் பந்தல் போட்டு, மைக்கோடு அவர் உட்கார்ந்தார். வடம் பிடிக்கிற நேரத்தில் ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள்.

"மைக்குக்காரரே, எம் பிள்ளையக் காணல்ல. கையப் பிடிச்சுட்டுத்தான் வந்தா. தேரு அசைஞ்சப்பம் விட்டுப் போச்சு."

அவள் பெயர் அழகம்மை. புருஷன் தாணப்பன், பக்கத்து ஊரில் சொந்த வயலில் பயிரிடுகிறவர். பிள்ளை தாணம்மாளுக்கு ஆறு வயது.

முத்துநாயகம் மைக்கைக் கையில் எடுத்தார். "பச்சைப் பாவாடை கட்டிய தாணம்மாள் என்கிற பிள்ளை எங்கே நின்றாலும் கோயில் வாசலுக்கு வரவும். அம்மா இங்கே நிற்கிறார்கள்." மறுபடியும் மறுபடியும் சொன்னார். வாசலுக்கு எதிரே இருந்த குழாய் கணீரென்று பேசியது. பிள்ளை வரவில்லை. குளத்தில் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். கிணறு கிணறாகப் பார்த்தார்கள். பஸ்ஸில் யாரோ ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனதாக ஒருவர் சொன்னார். அது வேறு பிள்ளை என்றார் இன்னொருவர். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முத்துநாயகம் கம்பிகளைச் சுருட்டினார். மேலத் தெருவில் ஏணி போட்டு ஏறியவர், குழாய்க்கு முன்னாலிருந்த இணைப்பில் கை வைத்ததும் நின்றுவிட்டார். மேலே சுற்றிய நாடா அப்படியே இருந்தது. உள்ளே கம்பி கழன்று, ஒன்றையொன்று தொடாமல் கிடந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் முறுக்கி மட்டும் விட்ட இணைப்பு. காற்றில் ஆடி இழுபட்டிருக்கும். ஒரு தெருவில் குழாய் செத்துப்போனாலும் மற்ற மூன்றும் பேசும். மைக் பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று எப்போது அது ஊமையானது? அந்தப் பிள்ளை மேலத் தெருவில் நின்றிருந்தால்?

ஏணியிலிருந்து இறங்கி, கடைவாசல் ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கட்டிய இணைப்பு எதுவும் ஈயம் படாமல் இருந்ததில்லை. தெருவுக்குத் தனித்தனிக் கம்பி இழுத்தார். கல்யாண வீட்டுப் பந்தலில்கூட, பாட்டைப் போட்டுவிட்டுக் குழாய் குழாயாக நடந்துபோய் அடியில் நின்று கேட்பார். "பேய் பிடிச்ச மாதிரி அலையுதீங்க" என்பாள் ஓமனா. தூக்கத்தில் அவர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்கிறார் என்பதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தேருக்கு அழகம்மை வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"அண்ணே, ஒருக்கா கூப்பிடுங்க."

அதே பச்சைப் பாவாடை, அதே ஆறு வயது. அவள் சொன்னபடியே சொன்னார். அவர் தொடங்கியதும் அவள் அங்கே நிற்காமல் எங்கோ போய்விட்டாள். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். தாழங்குளத்தில் வடம் பிடிக்கும் முன் அந்தப் பெயர் ஒலிக்கும். புதிதாக வந்தவர்கள் பதறிச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஐம்பத்திரண்டில் அவரால் அடக்கிவைக்க முடியவில்லை. "அம்மா, ஒரு காரியம் சொல்லணும். அண்ணைக்கு மேலத் தெருக் குழாய் பேசல்ல. கம்பி கழந்து கெடந்துது. நான் பாக்காமப் போனேன்."

அழகம்மை அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணே. நீங்க கூப்பிட்டப்பம் நான் பிள்ளையத் தேடி மேலத் தெருவுக்குல்லா ஓடினேன். குழாய்க்கு அடியிலதான் நின்னேன். ஒரு சத்தமும் இல்ல. முதல்ல அவ கைய விட்டதும் அங்கதான். வருஷாவருஷம் நீங்க கூப்பிடும்போ அதுக்கு அடியிலதான் போய் நிக்கேன். இப்பம் நல்லாக் கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

ஐம்பத்து நான்கில், தேருக்கு முந்தின வாரம், தாணப்பன் வடசேரிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வே, நீரு இனி அந்தப் பேரைக் கூப்பிடப்பிடாது."

"அம்மா கேக்காங்களே."

"கேப்பா. தேரு முடிஞ்சு வந்து வாசக்கதவை அடைக்க விடமாட்டா. ஒரு எலையில சோறு போட்டு வைப்பா. வீட்டுல ரெண்டு பிள்ளை இருக்கு, அதுகளுக்கு அக்கா வருவா வருவான்னு சொல்லி வளத்துகா. ராத்திரி ஆனா ரெண்டும் வாசலைப் பாத்துக்கிட்டு அழுவுது. போரும் வே. செத்தவளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவிடும்."

முத்துநாயகம் கூப்பிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

தேரன்று அழகம்மை வந்து நின்றாள். மைக் ரிப்பேர் என்று சொல்லலாம் என நினைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "வீட்டுக்காரரு வந்தாரு. கூப்பிடமாட்டேன்னு சொல்லிட்டேன் அம்மா" என்றார்.

"நீங்க கூப்பிடாண்டாம். நான் கூப்பிடுகேன்." அவள் பந்தலுக்குள் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டு எடத்துல நிக்க முடியாதுல்லா. நீங்க போயி அந்தக் குழாய்க்கு அடியில நில்லுங்க. கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

முத்துநாயகம் நடந்தார். மேலத் தெரு நிறையக் கூட்டம். குழாயின் அடியில் போய் நின்றார். ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு அவள் குரல், பழக்கமில்லாமல், மைக்குக்கு மிகக் கிட்டத்தில்.

"தாணம்மா... அம்மை இங்க நிக்கேன் மக்கா. வீட்டுக்கு வா. அம்மை ஏசமாட்டேன்."

தெரு அடங்கியது. பெண்பிள்ளைகள் எல்லாரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. பதினொரு வயது இருக்கும். பாவாடையில் ரப்பர்ப்பால் காய்ந்த கறுப்புக் கறை. வளையல் கடையோரம் தலையைக் குனிந்து, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏசமாட்டேன்" என்ற சொல் வந்ததும் திரும்பி வேகமாக நடந்தாள்.

"ஏட்டி, நில்லு மக்கா" என்று முத்துநாயகம் கத்தினார். அவள் ஓடினாள். அவரும் ஓடினார். அதற்குள் வடம் பிடித்துவிட்டார்கள். ஆட்கள் கயிற்றோடு தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். தேர் நகர்ந்து போனபிறகு பார்த்தால் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது அழகம்மை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது அம்மா. தெளிவாக் கேட்டுது."

அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வது? பேய்க்குரல் மாதிரி மேலேயிருந்து ஒரு பெண் அழுதால் எந்தப் பிள்ளையும் காதைப் பொத்தும். முன்பின் தெரியாத ஒருவன் துரத்தினால் எந்தப் பிள்ளையும் ஓடும். ஆனால் அவளுக்கு முதலில் பயம் வந்தது அவரைப் பார்த்து இல்லை. இரண்டு நினைப்புக்கும் நடுவில் அவர் தூக்கம் போயிற்று. பாவாடைக் கறையை வைத்து, மலையோரத்தில் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் வேலைக்காரர்கள் குடியிருப்பில் விசாரித்தார். அந்தச் சாயலில் ஒரு பிள்ளை ஒரு கங்காணி வீட்டில் வேலைக்கு நின்றதாகவும், அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். அந்த வேறு தோட்டம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

அழகம்மை அதன்பின் தேருக்கு வரவில்லை. வாசல் கதவை அவளே அடைக்கிறாள், பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டார்.

ஐம்பத்தாறில், எங்கள் மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த நாளில், நாகர்கோவில் முழுக்க மைக் செட் சத்தம். முத்துநாயகத்தின் குழாய்களும் ஒரு மேடையில் பேசிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் தாணப்பன் நின்றார். தோளில் துண்டு, முகத்தில் கொஞ்சம் தெளிவு. அவரே வந்து கையைப் பிடித்தார்.

"நீரு சொன்ன சொல்லைக் காப்பாத்தினேரு. எங்க வீடு இப்பம் வீடா இருக்கு."

அந்த நன்றியைத் தாங்க முடியாமல்தான் முத்துநாயகம் வாயைத் திறந்தார். காதைப் பொத்திய பிள்ளை, கறைப் பாவாடை, கங்காணி வீடு எல்லாவற்றையும் சொன்னார். தாணப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

"எம் பிள்ளைக்கு நெத்தியில ஒரு தழும்பு உண்டு. இவளுக்கு இருந்துதா?"

"தலையைக் குனிஞ்சுல்லா நின்னா."

மேடையில் யாரோ பேசி முடிக்க, கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் தாணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவகிட்ட இதைச் சொல்லிராதேரும்" என்றார். கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மூன்று நான்கு வாரம் கழித்து ஓமனா சந்தையிலிருந்து வந்தாள். முன்பு வீட்டுக்கு வந்துபோன, தாழங்குளத்துப் பக்கமுள்ள அந்த மனுஷனை வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாளாம். மலைத் தோட்டத்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கிட்டே போய், இறங்குகிற பெண்பிள்ளைகளின் நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"யாரைத் தேடுதாரு?" என்று கேட்டாள் ஓமனா.

முத்துநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.