யாரும் பார்க்க வேண்டாத செடி

முத்தாத்தாளுக்கு இருந்தது ஒரே ஆசை. பவானியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். கருமத்தம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து பேரன் எடுக்கிற வயசாகியும் அது கைகூடவில்லை. விடிந்தால் எருமை, அப்புறம் சமையல், அப்புறம் விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. பொழுது சாய்ந்தால் மறுபடியும் எருமை. போய் வருகிறேன் என்று வாயெடுத்தால் புருசன் தம்பிதுரை ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நீ போயிட்டா இங்க எல்லாம் காஞ்சு கருகிப்போகும் அம்மணி."

தொண்ணூற்றாறோ ஏழோ, கோயமுத்தூரில் நடந்த விவசாயக் கண்காட்சிக்கு இருவரும் போனார்கள். அவர் மோட்டார் பம்பு பார்க்கப் போய்விட, கால் வலித்து நின்ற இடத்தில் அவள் அதைக் கண்டாள். மூடிய கண்ணாடி ஜாடி, உள்ளே பச்சைப்பசேலென்று செடி.

"இதுக்குத் தண்ணி எப்புடிங்க ஊத்துவீங்க?"

"ஊத்த வேண்டாமுங்க. உள்ள இருக்கற ஈரமே ஆவியாகிக் கண்ணாடியில பட்டு, திரும்ப மண்ணுக்கே எறங்கிரும்," என்றாள் அங்கே நின்ற பெண்.

"யாருமே பாக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

முத்தாத்தாள் இன்னொரு தரமும் கேட்டுக்கொண்டாள்.

மளிகைக் கடை சுப்பண்ணனிடம் பழைய மிட்டாய் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்தாள். அடியில் கூழாங்கல், அதன்மேல் நொறுக்கின அடுப்புக்கரி, மண் கீழே இறங்காமல் தறித்துணி ஒரு துண்டு, மேலே வேப்பமரத்தடி மண். கிணற்றுச் சுவரில் முளைத்த பெரணியை நட்டு, படியில் சுரண்டின பாசியைச் சுற்றிலும் அமுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடியை இறுக்கினாள். முதலில் கண்ணாடி முழுக்க வேர்த்து உள்ளே எதுவும் தெரியவில்லை. ஈரம் கூடிப்போச்சு என்று ஒரு பகல் திறந்துவைத்து மறுபடி மூடினாள். அதற்கப்புறம் தொடவில்லை. சமையலறை ஜன்னலில், நேர்வெயில் படாத மூலையில் அது பாட்டுக்கு இருந்தது. பெரணியில் புதுக்குருத்து ஒன்று சுருண்டுகொண்டு எழுந்தது.

"ஏனுங்க, பாருங்க. நான் தொடவே இல்லீங்க. ஐப்பசி வரைக்கும் இது இப்புடியே இருந்துச்சுன்னா நான் பவானி போறேன்."

"செடிய வெச்சு எங்கிட்டப் பந்தயமா? செரி, போ," என்று சிரித்தார் தம்பிதுரை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, பாசி கறுத்து, பெரணி நுனியெல்லாம் தீய்ந்து கிடந்தது. பால் சொம்பும் கையுமாக முத்தாத்தாள் நின்றாள். அழக்கூட அலுப்பாக இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கைக் காந்தியது. அவளுக்குத் தெரியாத நெடியா அது?

"யூரியாப் போட்டீங்களா?"

தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் வெளுத்தாப்புல தெரிஞ்சுது. நீ ஆசையா வெச்சதாச்சேன்னு ஒரு சிட்டிகை போட்டுப்போட்டேன். ஒண்ணுமே வெக்காம ஒரு செடிய எப்புடி அம்மணி உடறது?"

பருத்திக்கும் சோளத்துக்கும் போட்டே பழகின கை. அவளுக்குத் திட்டவும் மனசு வரவில்லை.

"போனாப் போகுது," என்றார். "பவானிக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"பந்தயம் தோக்கலீங்க. நான் உட்டது உட்டபடி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க பாத்துத்தான் செத்துது. நான் இன்னைக்கே போறேன்."

"அப்ப எருமைக்கு?"

"எருமைய என்ன பாட்டில்லயா அடைச்சு வெச்சிருக்கறேன்? தவுடும் தண்ணியும் காட்டுங்க. யூரியா வேண்டாம்."

ஒயர் கூடையில் ரெண்டு சேலையை வைத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பிதுரை மெயின்ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தார். மொளகாப்பொடி எங்கே இருக்கிறது, அரிசிக்கு எவ்வளவு தண்ணி என்று கேட்டுக்கொண்டே வந்தார். சேலம் பஸ் வரும்வரை அவளும் சொல்லிக்கொண்டே நின்றாள்.

"பவானி வந்தா எழுப்பிவுடுங்க கண்ணு," என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். அவிநாசி வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.