ஒரே கோப்பைத் தண்ணீர்

எங்கள் தெருவில் மற்றவர்கள் விடுமுறைக்குக் கியூபாவுக்குப் போனால் என் மனைவி மலாவிக்குப் போவாள். ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் தாதி. வருடம் முழுவதும் நோயாளிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைக்கிற மூன்று கிழமை லீவையும் தேவாலயக் குழுவோடு ஏதாவது ஒரு கிராமத்தில் குழாய்க்கிணறு போடவும் கை கழுவச் சொல்லிக்கொடுக்கவும் செலவழிப்பாள். எனக்கு முதலில் எரிச்சல்தான். எங்கள் பிக்கரிங் வீட்டின் பேஸ்மன்ற் குழாய் ஏழு மாதமாக ஒழுகுகிறது, இதில் ஆப்பிரிக்காவுக்குத் தண்ணீரா என்று கேட்டேன். பெட்டியை மூடிக்கொண்டே, அது உங்களுடைய வேலை என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு போன பயணத்தில்தான் சிக்கல் வந்தது. அந்தக் கிராமத்துப் பெண்கள் மாடுகள் இறங்குகிற ஆற்றிலிருந்துதான் தண்ணீர் சுமந்தார்கள். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். பம்பைப் பராமரிக்க ஊர்ப் பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தால்தான் துளை போடும் லொறி வரும். சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். முதல் நாள் பாடி ஆடி வரவேற்ற பெண்களில் ஒருவர்கூட இரண்டாம் நாள் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. விரித்த பாயில் சவர்க்காரக் கட்டிகளோடு இவள் தனியே இருந்திருக்கிறாள்.

புதன்கிழமை போனில் அழுதாள். அவள் லேசில் அழுகிற ஆளில்லை. தான் என்ன பிழை விட்டேன் என்றே தெரியவில்லை என்றாள். நான் காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். முதல் நாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். ஊரின் மூத்த பெண் ஒரு பெரிய கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாராம். தான் ஒரு மிடறு குடித்துவிட்டு இவளிடம் நீட்டினாராம்.

"நீர் எப்பிடிக் குடிச்சனீர்?"

"அண்ணாந்துதான்."

நாங்கள் அப்படித்தான். பலர் குடிக்கும் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டோம். நம்முடைய எச்சில் அடுத்தவருக்குப் போகக்கூடாது. அது நாங்கள் கொடுக்கும் மரியாதை. சுகாதாரப்படி பார்த்தாலும் சரியான வேலை. ஆனால் தான் வாய் வைத்த கோப்பையை ஒருத்தி உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்ததை அந்தப் பெண் எப்படி எடுத்திருப்பார் என்று யோசித்ததும் எனக்குள் சுருக்கென்றது.

"அவையளை நீர் அருவருத்த மாதிரித் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் செய்ததைச் செய்ய எனக்குத் துணிவு வராது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் கூட்டிக்கொண்டு அந்த மூத்த பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டிருக்கிறாள். வந்தது ஆற்றுத் தண்ணீர். அதில் என்னென்ன இருக்கும் என்று தாதிக்குத் தெரியாதா? வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு, எங்கள் வழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் மீதியைக் குடித்தாராம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அந்தப் பெண்கள்தான். தண்ணீரைக் கொதிக்க வைப்பதையும் உப்பும் சீனியும் கரைப்பதையும் அதற்கு முன் கை கழுவுவதையும் பாயில் கிடந்தபடியே சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டாள். சனிக்கிழமை பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். லொறி வந்தது. பம்பிலிருந்து தண்ணீர் கொட்டும் வீடியோவை வேலையிடத்தில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். இப்போது அந்த ஊரில் ஆளுக்கொரு கோப்பை இருக்கிறது, பானையில் மொள்ள நீளக் காம்பு அகப்பை இருக்கிறது. என் மனைவியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. அதை அவளிடமும் சொன்னேன்.

வீடு திரும்பிய அன்று தேநீர் குடிக்கும்போது, தனக்கே விளங்காதது எனக்கு எப்படி உடனே விளங்கியது என்று கேட்டாள்.

"அக்கா எங்கட வீட்டை வந்தா கான் சோடா மட்டும்தானே கேக்கிறவ" என்றேன்.

என் அக்கா ஒஷாவாவில் இருக்கிறார். நானும் மனைவியும் வேறு வேறு சாதி. இவள் கையால் ஊற்றிய எதையும் அக்கா ஒருநாளும் குடித்ததில்லை. திறக்காத தகரக் கான் என்றால் வாங்கிக்கொள்வார். அவர் வருகிறார் என்றால் கான் வாங்கி வைப்பவன் நான்.

"உது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரியாதெண்டு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் நான் பேசாமல் இருந்தனான்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து கான் கேட்டார். கான் இல்லை, இவள் போட்ட தேத்தண்ணிதான் இருக்கிறது என்றேன். இவ்வளவைச் சொல்ல எனக்குக் கலியாணமாகிப் பத்தொன்பது வருடம் பிடித்தது. என் மனைவிக்கு மலாவியில் ஓர் இரவு போதுமாக இருந்தது.