மூன்றாவது மாடி, சாலைப் பக்கம்

“ஊட்டிக்கா? அங்க போனா உன்ன யாரு தூக்குறது?”

மாமா இதைக் கேட்டது எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. பாதி கிண்டல், பாதி நிஜம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவருக்கு ரசம் ஊற்றியபடியே, “நான் இல்லையா?” என்றார்.

மாமாவின் கேள்வியைவிட அம்மாவின் பதில்தான் குத்தியது. நான் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத பழைய அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்த காலத்தில், பள்ளிக்குப் போக அம்மாதான் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், தூக்கிக்கொண்டு ஏறினார். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். அந்த வீட்டிலிருந்து நான் பல்கலைக்கழகம் வரை போனேன். இன்று சாங்கி விமான நிலையத்தில், சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அம்மாவின் இடுப்பு போய்விட்டது. அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் குளிர் என்றால் பேரங்காடியின் ஏர்கான்தான். ஒரு தடவையாவது நிஜக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கணும் என்பார். அதை என் சம்பளத்தில் செய்துகாட்ட வேண்டும், அதுவும் அவர் என்னை ஒரு முறைகூடத் தூக்காமல். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

தேட ஆரம்பித்தேன். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறைகள் பெரிய விடுதிகளில் இருந்தன. ஓர் இரவு வாடகையைப் பார்த்ததும் அந்தப் பக்கங்களை மூடினேன். எங்களுக்குக் கட்டுப்படியாகும் விடுதிகளின் படங்களில் கட்டில் இருக்கும், கட்டில்மேல் அன்னப்பறவையாக மடித்த துண்டு இருக்கும். வாசலை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு பயண முகவரைத் தேடிப் போனேன். அவர் கடைக்கே இரண்டு படி. அவரே நடைபாதைக்கு இறங்கி வந்து, கூட்டத்துக்கு நடுவே குரலை உயர்த்திப் பேசினார்.

“ஊட்டியில நமக்குத் தெரிஞ்ச ஹோட்டல் ஒண்ணு இருக்கு, கிரவுண்ட் ஃப்ளோரே கேட்டு வாங்கிடுறேன் லா. கவலைய விடு தங்கச்சி.”

“படி இருக்குமாண்ணே?”

“கிரவுண்ட் ஃப்ளோர்ல எப்படிம்மா படி இருக்கும்?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுக்குமாடியில் வளர்ந்தவர்களுக்குத் தரைத்தளம் என்றால் தரைதான். அறையைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே அந்த விடுதியில் தங்கியவர்கள் போட்டிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு குழந்தை அறை வாசலில் நின்று கையாட்டியது. அதன் பின்னால் ஒரு படிக்கட்டு மேலே போனது. மேலே, படிக்கட்டு முடியும் இடத்தில், ஒரு பஸ்ஸின் டயர்கள் தெரிந்தன.

உடனே விடுதிக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர் எடுத்தார்.

“உங்க கிரவுண்ட் ஃப்ளோர் ரோட்டுக்கு மேலயா, கீழயா?”

“கீழங்க மேடம். சரிவுல கட்டுனதுல்லங்களா, ரோட்ல இருந்து எறங்கி வரணும்.”

“எவ்வளவு?”

“அது ஒரு மூணு மாடி வருங்க. நம்ம பசங்க இருக்காங்க, நாற்காலியோட அப்படியே தூக்கிருவாங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி எறங்கலாம்.”

“கல்யாணப் பொண்ணு நடந்துதாங்க வருவா.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தூக்கி இறக்குவதும், “பாத்து, பாத்து” என்று பின்னாலேயே வரும் அம்மா பொறுக்க முடியாமல் தானும் ஒரு கை கொடுப்பதும் கண்முன் வந்தன. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

“அப்போ ரோட்டுக்கு நேரா எந்த மாடி இருக்கு?”

“மூணாவது மாடிங்க. ரிசப்ஷனே அங்கதான். ரெண்டு ரூம் இருக்கு, யாரும் கேக்க மாட்டாங்க. வியூ கெடையாது, பஸ் சத்தம் வேற. அதனால ரேட்டும் கம்மிங்க.”

“படி?”

“இல்லீங்க. மழைத்தண்ணி உள்ள வராம இருக்க, வாசல்ல வெரல் கனத்துக்கு ஒரு மேடு.”

அதை நான் தாண்டிவிடுவேன். குளியலறைக் கதவின் அகலத்தைக் கேட்டேன்.

“நானே தாராளமாப் போவேங்க.”

“நீங்க போவீங்க. என் நாற்காலி போகணும்.”

டேப்பைத் தேடி எடுத்து, அளந்து, திரும்பக் கூப்பிட்டார். நாற்காலி போகும், சக்கரத்தைத் தள்ளும் என் கை கதவில் உரசாமல் பார்த்துக்கொண்டால்.

முகவரிடம் அறையை மாற்றச் சொன்னபோது, “ஊட்டிக்குப் போயி ரோட்டயா பாக்கப் போறீங்க?” என்றார். அந்த டயர் படத்தை அனுப்பினேன். அறையை மாற்றிவிட்டார்.

அம்மாவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது என்றேன்.

“வெளிய போயி பாத்துக்கலாம். ரூமுக்குள்ள எதுக்கு மலை?” கொஞ்சம் யோசித்தார். “கட்டில்ல உன்ன ஏத்தணுமே?”

“ஒயரம் கேட்டுட்டேன். நானே மாறிக்குவேன்.”

“குளிக்க?”

“நானேதாம்மா.”

“அப்ப நான் அங்க வந்து என்ன செய்யுறது?”

“டீ குடிங்க.”

அம்மா எழுந்து போய், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, இப்போது அது கோயம்புத்தூரிலிருந்து மலையேறும் காரைச் சுற்றி வருகிறது. அங்கே பல வண்டிகள் காஸில் ஓடுவதால், டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டரே அடைத்துக்கொண்டிருக்குமாம். இன்று காலை நாற்காலியை மடித்து, அளவு தெரியும்படி அம்மாவை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து, ஓட்டுநருக்கு அனுப்பினேன். டிக்கியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன்.